மாத்திரையை மறந்தாரா, மறதியே நோயா?

அரசாங்க கிளினிக் ஒன்றில் காலை நேரம். வரிசை வாசல்வரை நீண்டிருக்கிறது. “பாக்சிக், போன மாதம் ஏன் வரவில்லை? மருந்து சாப்பிடுகிறீர்களா இல்லையா?” என்று இளம் தாதி மலாயில் கேட்கிறார். எதிரே நிற்பவர் அறுபதைத் தொடப்போகும் தமிழர். பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். சொல் வரவில்லை. கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். தாதி பொறுத்துப் பார்த்துவிட்டு, “மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை” என்று கோப்பில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்.

இதை எனக்குச் சொன்னது அந்த மனிதரின் மனைவி. எனக்கு அக்கா முறை. ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். பெயரும் ஊரும் வரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. காரணம் உங்களுக்கே புரியும். கணவருக்கு இருப்பது எச்.ஐ.வி.

2009இல் ஓயாத இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார் மாமா. காசநோய் என்றார்கள். கூடவே இரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்.ஐ.வி. கிருமியும் இருப்பது தெரிந்தது. கிருமியோடு போராடும் காவல் அணுக்களை எண்ணிச் சொல்லும் சி.டி.4 என்ற கணக்கு ஒன்று உண்டு. நல்ல உடம்பில் அது 500க்கு மேல் இருக்கும். மாமாவுக்கு அன்று 48. பிழைக்கமாட்டார் என்றே உறவுக்காரர்கள் நினைத்தார்கள். ஆனால் மாத்திரைகள் வேலை செய்தன. உடம்பு தேறியது. சம்சுவை விட்டார். பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஜாகா வேலைக்கும் சேர்ந்தார். பதினொரு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் ஓடியது.

பிறகுதான் சின்னச் சின்னதாகத் தொடங்கியது. ஒட்டுக்கடையில் தேத்தண்ணிக்குக் காசு கொடுத்துவிட்டு மீதிச் சில்லறையை எண்ண வெகுநேரம் ஆயிற்று. இரவு ரோந்தில் எந்தெந்த இடத்தில் பதிவு செய்ய வேண்டுமோ, அதில் ஒன்றிரண்டை விட்டுவிட்டார். மோட்டார் சைக்கிளில் போகும்போது பிரேக் பிடிப்பது ஒரு நொடி பிந்தியது. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. “அப்பாவுக்குச் சம்மதமில்லையோ?” என்று பெண் வீட்டார் சந்தேகப்பட்டார்கள்.

“தம்பி, இவரு மறுபடியும் குடிக்கிறாருன்னு ஊரே சொல்லுச்சு. நான் பக்கத்துல போயி மோந்து பாத்தேன். வாசனையே இல்ல. அப்புறம் என்னதான் இவருக்கு?” என்றார் அக்கா.

அக்காவின் அந்தக் கேள்வியைக் கிளினிக்கில் யாராவது ஒருவர் கேட்டிருந்தால், இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

எச்.ஐ.வி. என்றதும் நம்மில் பலர் நினைப்பது உடம்பு இளைப்பது, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காசநோய் ஆகியவற்றைத்தான். மூளையை யாரும் நினைப்பதில்லை. ஆனால் மருத்துவ உலகம் இதை ஆரம்பக் காலத்திலேயே கண்டுகொண்டது. எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் அறிக்கை 1981இல் அமெரிக்காவில் வெளியானது. அதை உண்டாக்கும் கிருமியை 1983இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தினர் கண்டுபிடித்தார்கள். 1986இல் நாவியா, ஜோர்டன், பிரைஸ் என்ற மூன்று மருத்துவர்கள், நியூயார்க்கில் இந்த நோயாளிகளின் மூளையும் பாதிக்கப்படுவதை விரிவாக எழுதினார்கள். யோசனை மெதுவாகிறது, கவனம் நிற்பதில்லை, கை கால் அசைவு மந்தமாகிறது, பேச்சும் ஆர்வமும் குறைகின்றன என்று அவர்கள் விவரித்தார்கள். அக்கா ஒட்டுக்கடையிலும் பெண் பார்க்கும் வீட்டிலும் கண்டதெல்லாம் இதுவேதான். அதே 1986இல்தான் மலேசியாவின் முதல் எச்.ஐ.வி. நோயாளியும் கண்டறியப்பட்டார்.

கிருமி மூளைக்குள் எப்படிப் போகிறது? இரத்தத்தில் உள்ள எல்லாமும் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. இடையில் ஒரு வேலி உண்டு. ஆனால் அந்த வேலியைத் தாண்டிப்போக அனுமதி உள்ள வெள்ளை அணுக்களுக்குள்ளேயே கிருமி ஒளிந்துகொண்டு போய்விடுகிறது. அதுவும் தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே! உள்ளே போன கிருமி நரம்பணுக்களை நேரடியாகப் பிடிப்பதில்லை. மூளையில் காவலும் துப்புரவும் பார்க்கும் அணுக்களில் குடியேறுகிறது. அந்த அணுக்கள் கோபங்கொண்டு கக்கும் நச்சுப் பொருள்களால் பக்கத்திலுள்ள நரம்பணுக்கள் சேதமடைகின்றன. பழைய தோட்டங்களில் ஜெனரேட்டர் திணறும்போது லயத்து விளக்குகள் அணையாமல் மங்குமே, அதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிகிறது. வெளிச்சம்தான் போதவில்லை.

முன்பு இந்த மூளை பாதிப்பு முற்றி, நோயாளி பேச்சிழந்து படுத்த படுக்கையாகி இறப்பது சாதாரணம். 1996க்குப் பிறகு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. மலேசியாவிலும் 2006 முதல் முதல்நிலை மருந்துகளை அரசாங்க ஆஸ்பத்திரிகள் இலவசமாகக் கொடுக்கின்றன. சாகவேண்டியவர்கள் வாழ்ந்தார்கள், பேரன் பேத்தி கண்டார்கள். கடுமையான பாதிப்பு மிக அரிதாகிவிட்டது. ஆனால் லேசான பாதிப்பு முழுதாகப் போகவில்லை. அமெரிக்காவில் 1,555 நோயாளிகளைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறையப் பாதிப்பேர் நினைவாற்றல், சிந்தனைத் தேர்வுகளில் பின்தங்கினார்கள். கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் 100க்கு 2 பேர்தான்.

“பாதிப்பேரா!” என்று பதறவேண்டாம். அந்தப் பாதியில் பெரும்பாலோர் அன்றாட வாழ்க்கையில் எந்தச் சிரமமும் இல்லாதவர்கள். தேர்வில் மார்க் குறைந்ததாலேயே ஒருவருக்கு மூளை நோய் என்று முத்திரை குத்தக்கூடாது என்று, 2023இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதியிருக்கிறார்கள். அவருக்கு உண்மையிலேயே தொல்லை இருக்கவேண்டும், தேர்விலும் தெரியவேண்டும், வேறு காரணங்களையும் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் சொல்வது. நம்மவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்று பால்மரம் சீவப் போன ஒரு பாட்டிக்கு, மலாயிலோ ஆங்கிலத்திலோ நினைவுத் தேர்வு வைத்தால் என்ன மார்க் வரும்? அது மூளையின் மார்க்கா, பள்ளிக்கூடத்தின் மார்க்கா?

இல்லாத நோயைக் கட்டிவிடுவது ஒரு தவறு. இருக்கும் நோயைக் காணாமல் விடுவது இன்னொரு தவறு. மாமாவுக்கு நடந்தது இரண்டாவது. அதற்குத் தாதியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. எச்.ஐ.வி. நோயாளி வந்தால் எடை, இரத்த அழுத்தம், சி.டி.4, இரத்தத்தில் கிருமியின் அளவு ஆகியவற்றைப் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள். ‘யோசனை எப்படி இருக்கிறது?’ என்று கேட்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முதியவர்களின் மறதியைப் பார்க்க வழக்கமாகக் கேட்பவை, இன்று என்ன தேதி, இது எந்த ஊர், இந்தப் பொருளின் பெயர் என்ன என்பன போன்ற கேள்விகள். வயோதிக மறதி நோய்க்கு அவை பொருந்தும். எச்.ஐ.வி.யின் பாதிப்பு வேறு மாதிரி. தேதியும் தெரியும், ஊரும் தெரியும், பேரப்பிள்ளையின் பெயரும் தெரியும். ஆனால் எல்லாமே மெதுவாகத்தான் வரும். இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய முடியாது. தானாக நினைவுக்கு வராத ஒன்று, சிறிது அடியெடுத்துக் கொடுத்தால் வந்துவிடும். ஆகவே வழக்கமான கேள்விகளில் இவர் தேறிவிடுவார், ‘மூளை நன்றாகத்தான் இருக்கிறது’ என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு மருந்து தவறினால் சோம்பல், பிடிவாதம், குடி, அக்கறையின்மை என்றுதான் பெயர் கிடைக்கும். முன்பு ஊசி போட்டுப் போதைக்கு அடிமையாயிருந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம், ‘பழைய ஆட்டத்தைத் தொடங்கிவிட்டான்’ என்று முடிவே கட்டிவிடுவார்கள்.

நோயாளியும் தானாக வந்து சொல்வதில்லை. ‘எனக்கு எச்.ஐ.வி.’ என்ற ஒரு இரகசியத்தைச் சுமப்பவருக்கு, ‘எனக்குப் புத்தி மந்தமாகிறது’ என்ற இரண்டாவது இரகசியம் வேறு எதற்கு? வேலை போய்விடும் என்ற பயம். மலாயில் விளக்கிச் சொல்லத் தயக்கம். ஐந்து நிமிடத்தில் முடியும் சந்திப்பில் “ஓக்கே டாக்டர்” என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

சரி, தாதியும் மருத்துவ உதவியாளரும் இதை எப்படிக் கண்டுகொள்வது? பெரிய யந்திரமா வேண்டும்? இல்லை! ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுக்குத்தான் இதற்கு நன்றி சொல்லவேண்டும். எச்.ஐ.வி. கடுமையாகத் தாக்கிய நாடு அது. மூளை மருத்துவர்கள் மிகக் குறைவு. பேசும் மொழிகளோ பல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாக்டர் என்பவரும் உகாண்டா மருத்துவர்களும் சேர்ந்து, எழுத்தறிவோ ஆங்கிலமோ தேவைப்படாத ஒரு சோதனையைத் தயாரித்து 2005இல் வெளியிட்டார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேண்டியது ஒரு கடிகாரம் மட்டுமே.

முதலில் நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று நான்கு சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். பிறகு பழக்கமில்லாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து, முடிந்த அளவு வேகமாகத் தட்டச் சொல்வார்கள். ஐந்து வினாடியில் 15 முறை தட்டினால் முழு மார்க், அதாவது 4. (இதை எழுதும்போது நானும் இடது கையால் தட்டிப் பார்த்தேன். 17 வந்தது. கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது!) அடுத்து மேசைமேல் கையை முட்டியாக, பிறகு விரித்துக் கவிழ்த்து, பிறகு விளிம்பில் நிறுத்தி என மூன்று நிலைகளை வரிசை மாறாமல் செய்யவேண்டும். பத்து வினாடியில் நான்கு சுற்று முடித்தால் 4. கடைசியில் அந்த நான்கு சொற்களைக் கேட்பார்கள். சொல்லுக்கு 1 மார்க். ‘ஒரு மிருகம்’ என்று அடியெடுத்துக் கொடுத்த பிறகு சொன்னால் அரை மார்க். மொத்தம் 12. அதில் 10 அல்லது அதற்குக் குறைவு என்றால் மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்று பொருள். நோய் என்று பொருளல்ல. முப்பது வருடம் செம்பனைக் குலை அறுத்துக் காய்த்து மடங்கிப்போன விரல் வேகமாகத் தட்டாது. சோதிப்பவர் மார்க்கைப் போடுமுன் கையையும் பார்க்கவேண்டும்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2010இல் எழுதிய ஆய்வில் மூன்றே கேள்விகளைப் பயன்படுத்தினார்கள். அடிக்கடி மறந்துபோகிறதா? முக்கியமான சந்திப்புகள்கூட? யோசிப்பதும் திட்டமிடுவதும் முன்பைவிட மெதுவாகிவிட்டதா? பேச்சு, படம், புத்தகம் ஆகியவற்றில் கவனம் நிற்க மறுக்கிறதா? ஒன்றுக்காவது ‘ஆமாம், நிச்சயமாக’ என்ற பதில் வந்தால் மேலும் சோதிக்கலாம். அட்டையில் முத்திரை குத்தும் நேரத்தில் கேட்டுவிடக்கூடிய கேள்விகள் இவை. கூட வந்திருக்கும் மனைவியிடம் கேட்டால் இன்னும் நல்லது. ஆனால் ஒன்று, நோயாளியின் சம்மதத்தோடுதான் கேட்கவேண்டும். கூட வந்தவருக்கு நோயின் பெயரே தெரியாமலும் இருக்கலாம் அல்லவா?

மாமாவுக்கு அந்தக் கேள்விகளைக் கேட்டவர் தமிழ் பேசும் ஒரு மருத்துவ உதவியாளர். வேறு கிளினிக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். “அங்கிள், உங்களைத் திட்டப்போறதில்ல. மாத்திரை சாப்பிட வேணாம்னு தோணுதா, இல்ல சாப்பிட்டோமா இல்லையான்னே தெரியாமப் போகுதா?” என்று கேட்டாராம். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தெரியாமப் போகுது” என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வருடம்! அக்கா அங்கேயே அழுதுவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே உடனே ‘எச்.ஐ.வி.தான் காரணம்’ என்று சொல்லிவிடவில்லை. அது நல்ல முறை. ஏனென்றால் இதே மந்தத்தை உண்டாக்கும் வேறு நோய்கள் பல, அவற்றில் குணமாக்கக் கூடியவையும் உண்டு. மூளையுறையில் காசநோய், பூஞ்சைக் காய்ச்சல், மேகநோய், தைராய்டு குறைவு, மனச்சோர்வு, மது, சின்னச் சின்ன பக்கவாதம் என்று பட்டியல் நீளும். சில சமயம் மருந்தே காரணமாவதும் உண்டு. பல வருடங்கள் பரவலாகக் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் என்ற மாத்திரை, சிலருக்குத் தலைசுற்றல், கெட்ட கனவு, மனக்குழப்பம் ஆகியவற்றைக் கொடுத்தது. அப்படிச் சந்தேகம் வந்தால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். நாமாக நிறுத்திவிடக்கூடாது.

மாமாவைச் சோதித்ததில் கிடைத்தது ஒரு காரணமல்ல, மூன்று. இனிப்பு நீருக்காக அவர் வருடக்கணக்கில் சாப்பிட்ட மெட்ஃபார்மின் மாத்திரையால் பி12 என்ற சத்து குறைந்திருந்தது. அந்த மாத்திரை சாப்பிடுவோருக்கு இது நேர்வதுண்டு. இரண்டாவது, எச்.ஐ.வி. மாத்திரை விட்டுவிட்டுப் போனதால் இரத்தத்தில் கிருமி மீண்டும் பெருகியிருந்தது. மூன்றாவது, 2009இல் சி.டி.4 அவ்வளவு கீழே இறங்கியபோதே மூளைக்கு நேர்ந்த பழைய பாதிப்பு. ஒரு காலத்தில் சி.டி.4 மிகவும் தாழ்ந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் சந்தேகம் உள்ளவர்கள் காலத்தோடு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும் என்று மருத்துவர்கள் தலைபாடாய் அடித்துக்கொள்கிறார்கள்.

மறதியால் மாத்திரை தவறுகிறது, மாத்திரை தவறினால் கிருமி பெருகுகிறது, கிருமி பெருகினால் மறதி கூடுகிறது. இந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்ட மனிதரைத்தான் ‘ஏன் சாப்பிடவில்லை?’ என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். இதில் மனைவியின் நலமும் அடங்கியிருக்கிறது. தினமும் மாத்திரை சாப்பிட்டு, கிருமியின் அளவு சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் தாம்பத்திய உறவால் அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை. பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்திய உண்மை இது. மாத்திரை தவறத் தவற அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. (தட்டு, குவளை, பாய், கக்கூஸ் எதன் வழியாகவும் எச்.ஐ.வி. தொற்றாது. இன்னும் தனித் தட்டு வைக்கும் வீடுகள் இருப்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.)

அந்த மருத்துவ உதவியாளர் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொன்னார். சொன்னதை மாமாவையே திருப்பிச் சொல்ல வைத்தார். அடுத்த தேதியை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார், முதல் நாள் போன் செய்து நினைவூட்டவும் ஏற்பாடு செய்தார். வாரத்துக்கு ஏழு கட்டம் உள்ள மாத்திரை டப்பாவை வாங்கச் சொன்னார். மருந்துக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. இராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும் இடத்திலேயே டப்பாவும் இருக்கவேண்டும், கைபேசியும் அதே நேரத்தில் மணியடிக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் அக்காவுக்கு வந்தது. அதுதான் வீட்டில் நடந்த ஒரே பெரிய சண்டை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், கிளினிக்கில் “மறதி” என்று மட்டும் சொல்லாதீர்கள். வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று போய்விடும். ‘முன்பு சில்லறையை உடனே எண்ணுவார், இப்போது எண்ணத் தடுமாறுகிறார்’, ‘இந்த மாதத்தில் மூன்று முறை அடுப்பை அணைக்கவில்லை’ என்று நடந்ததைச் சொல்லுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மிஸ்ஸியைக் கண்டால் எல்லாமே மறந்துவிடும் அல்லவா? அது நமக்கும்தான்!

மாமாவுக்கு இப்போது பி12 ஊசி போடுகிறார்கள். ஆறு மாதத்தில் கிருமியின் அளவு மீண்டும் அடங்கிவிட்டது. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. மகன் கல்யாணத்தில் வந்தவர்களை வாசலில் நின்று அவரே வரவேற்றார். பழைய வேகம் வரவில்லை, வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஜாகா வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் வெண்டையும் கத்தரியும் போட்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தார். “தம்பி, நேத்து மணியடிக்கிறதுக்கு முன்னாடியே இவரே டப்பாவத் தொறந்து மாத்திரையப் போட்டுக்கிட்டாரு!”

“நல்லதாப் போச்சே, அக்கா!” என்றேன்.

“எங்க தம்பி, தொறந்தது வெள்ளிக்கிழமைக் கட்டத்த!” என்று சிரித்தார். பின்னாலிருந்து மாமாவின் சிரிப்பும் கேட்டது.